உயிர் இருந்தபோதே அனுப்பினேன்

நிஸ்தார் வீதியில் அடிபட்டுக் கிடந்ததை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பியவன் நான்தான். நாற்பத்தொரு வினாடி. அப்போது அவருக்கு உயிர் இருந்தது.

உங்களுக்கும் அது வந்திருக்கலாம்... சாய்ந்தமருது பிரதான வீதி, மணல் ஏற்றிய டிப்பர், சரிந்து கிடக்கும் மோட்டார் சைக்கிள், இடுப்பிலிருந்து விலகிப்போன சாரன். பார்த்துவிட்டு நீங்களும் நாலு பேருக்கு அனுப்பியிருக்கலாம். உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. உங்களுக்கு அது வந்து சேர்ந்தது. நான் அதை எடுத்தேன்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். அந்த வீதியோரத்தில் எனக்கு ஒரு துணிக்கடை இருக்கிறது. மருதமுனைச் சாரன், சாரி, இறந்தவர்களுக்குச் சுற்றும் கபன் துணி எல்லாம் விற்கிறேன். பதினெட்டு வருடங்களாக எங்கள் பள்ளிவாசலில், இறந்த ஆண்களின் ஜனாஸாக்களைக் குளிப்பாட்டுகிறவனும் நானே.

குளிப்பாட்டுகிறவனுக்கு ஒரு கடமை உண்டு. தொப்புளிலிருந்து முழங்கால்வரை துணி விலகக் கூடாது. மையித்தின் உடம்பில் கண்ட குறை எதுவும் அவன் வாயிலிருந்து வெளியே வரக் கூடாது. எத்தனையோ கண்டிருக்கிறேன்! வீட்டில் மனைவி கேட்டால்கூட, "நல்ல மையித்து, அல்ஹம்துலில்லாஹ்" என்று முடித்துவிடுவேன். ஊரில் என்னை மதிப்பதே அதற்காகத்தான். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. கொஞ்சமா? நிறையவே இருந்தது.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். நிஸ்தார் நாவிதன்வெளி வயலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்திருக்கிறார். காலில் சேறு காயவில்லை. யாரென்று உடனே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பெருநாளைக்கும் என்னிடம்தான் சாரன் எடுப்பார்.

எனக்குப் பின்னால் கடை நிறையத் துணி இருந்தது. ஒரு சாரனை உருவிக்கொண்டு வந்து போர்த்த எத்தனை எட்டு வைக்க வேண்டும்? பத்துக்கூட இல்லை. என் கை போனைத்தான் எடுத்தது.

ஏன்? இதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கெட்ட எண்ணம் இருந்ததா? இல்லை. இரக்கமாவது இருந்ததா? அதுவும் இல்லை. படம் ஆடக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

அவருடைய உதடு அசைந்தது. வீடியோவிலும் அது தெரியும். தண்ணீர் கேட்டாரா, கலிமா சொல்ல முயன்றாரா... எனக்குத் தெரியாது. குனிந்து காது கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

யாரோ ஒரு முச்சக்கர வண்டியை மறித்து அவரை ஏற்றினார்கள். நான் கூடப் போகவில்லை. கடை வாசலில் நின்றபடியே என் மச்சானுக்கு அதை அனுப்பினேன். அவன் கட்டாரில் இருந்துகொண்டு எங்கள் ஊர்ச் செய்திப் பக்கத்தை நடத்துகிறவன். கீழே போட வேண்டியதையும் நானே எழுதிக் கொடுத்தேன். பெயர், தெரு, பிறகு இறந்தவர்களுக்காகச் சொல்லும் "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்." கடைசியில், "வீதியில் கவனம் தேவை உறவுகளே."

மௌத்துச் செய்தியை முந்திச் சொல்வது எங்கள் ஊரில் நல்ல காரியம். அடக்கம் தாமதிக்கக் கூடாது. அதனால் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்குள் செய்தி வீடு வீடாகப் போய்விடும். அந்தப் பழக்கத்தில்தான் எழுதினேன். அடிபட்ட விதத்தைப் பார்த்து, இனி முடிந்தது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்... மையித்துகளோடு பழகியவன் அல்லவா! அதுவும் உதடு அசைந்ததைக் கண்ட பிறகு!

மச்சானின் குரல் பதிவு உடனே வந்தது. "மச்சான், நமக்குத்தான் முதல்ல வந்திரிக்கி! உங்கட பேரு போடல்ல, பயப்பிடாதீங்க."

நான் பயப்படவில்லை. தேநீர் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் காலையில்தான் உடலைக் கொடுத்தார்கள். நிஸ்தாரின் மூத்த சகோதரர் ஜுனைதீன் காக்கா நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நீங்கதான் குளிப்பாட்டணும். ஊரெல்லாம் அவன்ட மானத்தப் பாத்திட்டு. நீங்க மறைக்கிற ஆள்."

"ஓம் காக்கா" என்றேன்.

குளிப்பாட்டினேன். இலந்தை இலைத் தண்ணீர், கடைசித் தண்ணீரில் கற்பூரம், எல்லாம் முறைப்படி. துணி ஒரு விரல்கூட விலகவில்லை. தண்ணீர் ஊற்றியது ஜுனைதீன் காக்காதான். ஊற்றிக்கொண்டே கதைத்தார்.

"ஆஸ்பத்திரியில முக்கா மணித்தியாலம் ஹயாத்தோட இரிந்திரிக்கான் தம்பி. நம்மட ஆக்கள் ஒருத்தரும் பக்கத்தில இல்ல. போனப் பாத்திட்டு மௌத்தாகிட்டான் எண்டுதான் ஊட்டில எல்லாரும் நினைச்ச. நான் மையவாடியில குழிக்கு இடம் பாத்துக்கிட்டு நிண்டன்... உசிரோட இரிந்தவனுக்கு!"

என் கை நிற்கவில்லை. கழுவிக்கொண்டே இருந்தேன்.

"ஓடிப் போயிருந்தா, காதில கலிமாவயாவது செல்லிக் கொடுத்திருப்பன்" என்றார்.

உயிர் பிரிகிற நேரம் காதருகே கலிமா சொல்லித்தர ஒரு சொந்தக்காரராவது இருக்க வேண்டும். எங்களில் எல்லோருக்கும் உள்ள ஆசை இது. சாவுக்குப் பயப்படுவதைவிடத் தனியாகச் சாவதற்குத்தான் பயப்படுகிறோம். நிஸ்தாருக்கு நான் அதை இல்லாமல் செய்துவிட்டேன். ஒரு வரியை எழுதி!

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். மையித்தின் தலையை என் இடக்கை தாங்கிக்கொண்டிருந்தது. வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட, இனி என்னை யாரும் குளிப்பாட்டக் கூப்பிட மாட்டார்களே என்றும் இருந்தது. ஆம், அந்த நேரத்திலும் என் பெருமையைத்தான் நினைத்தேன்.

கபனிட்டு முடிந்ததும் ஜுனைதீன் காக்கா கையேந்தினார். தம்பியின் பாவங்களை மன்னிக்கும்படி கேட்டார். பிறகு குரல் உடைந்துபோனது.

"யா அல்லாஹ், இத எடுத்து அனுப்பினவன் ஆரெண்டு எனக்குத் தெரியா. அவன்ட மௌத்து நேரத்திலயும் ஒருத்தரும் பக்கத்தில இரிக்கக் கூடா."

சுற்றி நின்ற நாலு பேரும் "ஆமீன்" என்றார்கள். நான் மட்டும் சும்மா நின்றால் பார்க்க மாட்டார்களா? நானும் "ஆமீன்" என்றேன்... மற்றவர்களைவிடத் தெளிவாகவே சொன்னேன்.

மச்சான் அந்த வீடியோவைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டான். என் போனிலிருந்தும் அழித்துவிட்டேன். மற்றவர்களிடம் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது ஜுனைதீன் காக்கா என் கையைப் பிடித்து ஸலாம் சொல்கிறார். முகம் தெரியாத உங்களிடம் எழுத முடிகிறது. அவரிடம் சொல்ல முடியவில்லை. எனக்கு அழுகையும் வருவதில்லை.

பகலில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சற்றுச் சாய்வேன். மனைவி வெளியே போயிருந்தால் வாசற்கதவை அகலத் திறந்துவைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். போன கிழமை அவள் வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன நீங்க, கதவ இப்படித் திறந்து வெச்சிட்டு நித்திர கொள்றீங்க?"

காற்று வரட்டும் என்று சொன்னேன்.