செகெசாயின் பாத்தி

புஹேராவில் அணைக்கரைத் தோட்டத்தை ஆரம்பித்தவள் செகெசாய்தான். ஊர்த்தலைவர் வீட்டுக்கு நடையாய் நடந்து அந்தத் தரிசைக் கேட்டு வாங்கினாள். முள்வேலி போட ஆண்களைக் கூப்பிட்டாள். வந்தவர்கள் வேலைக்கென்று அவள் காய்ச்சி வைத்த பீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் பெண்களே வேலி போட்டார்கள். வீட்டுக்கு ஒரு பாத்தி. கிடைக்காதவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். பாத்திக்காரி தன் கையாலேயே தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு வாரம் வராவிட்டால் பாத்தி அடுத்தவளுக்கு. இந்தச் சட்டமும் செகெசாய் போட்டதுதான். தோட்டம் காயாமல் இருப்பது அதனால்தான் என்று அவளைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

அம்மாவை அடக்கம் செய்ய மஸ்விங்கோ போன எஸ்னாத் இரண்டு வாரம் கழித்துத் திரும்பினாள். அவள் பாத்தி கைமாறியிருந்தது. செகெசாயிடம் போய்க் கேட்டாள்.

"பொணத்தைப் போட்டுட்டு ஓடி வரச் சொல்றீங்களாக்கா?"

"சாவு எல்லார் வீட்லயுந்தான் விழுது. அதுக்காகக் கீரை தண்ணி குடிக்காம இருக்குமா? போ, போய் வரிசையில நில்லு."

அடுத்த குளிர்காலத்தில் செகெசாயின் கணவர் இறந்தார். பத்து நாள் சடங்கு முடியும்வரை அவள் வேலைக்கென்று வெளியே போகக் கூடாது. சமையல் குடிசையில் பாய் மேல் உட்கார்ந்து, துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் கையைக் கொடுத்துக்கொண்டே பாத்தியை நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நாத்தனார்கள் அவள் காதுபடவே சொன்னார்கள்.

சடங்கு முடிந்த மறுநாள் காலையிலேயே தோட்டத்துக்குப் போனாள். அவள் பாத்தியில் எஸ்னாத் வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தாள். சண்டை பார்க்கலாம் என்று மற்ற பெண்கள் வாளிகளைக் கீழே வைத்தார்கள்.

"வரிசையில நாந்தான் முதல்ல இருந்தேன்," என்றாள் எஸ்னாத், நிமிராமல். "ஓரத்துல உங்க கீரை ரெண்டு வரிசையை நான் பிடுங்கலக்கா. தண்ணி நானே ஊத்துறேன். வேணுங்கறப்ப வந்து பறிச்சுக்குங்க. பாத்தி மட்டும் என்னோடது."

ஏசியிருந்தால் செகெசாய் சமாளித்திருப்பாள். ஆனால் ஓரத்துக் கீரை வாடாமல் நின்றிருந்தது. வரப்பிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

இப்போதுதான் பாவம், புருஷன் ஞாபகம் வந்திருக்கிறது என்று பெண்கள் ஓடிவந்தார்கள். சுற்றி உட்கார்ந்து, செத்தவரின் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சேர்ந்து அழுதார்கள். எஸ்னாத்தும் மண் ஒட்டிய கையோடு வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். செகெசாய் யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை.