தாமதமாக ஓடிய டைமர்

ஷட்டரைச் சொடுக்கிப் பார்க்கும்போதெல்லாம் ஐவி டிரெலோர் இடது உள்ளங்கையால் லென்ஸை மூடிக்கொள்வாள். லான்செஸ்டன் ஊரில் அவளுடைய கேமரா பழுதுபார்க்கும் கடைக்குப் பக்கத்தில் பேக்கரி நடத்திய நோலீன் பல வருடங்களாக இதைப் பார்த்துவந்தாள்.

"காலி டப்பாதானே, எதுக்குடி கையை வச்சு மூடுற?"

"கண்ணு முழிக்குது. முழிச்சதும் என் மூஞ்சியையா பார்க்கணும்? நீயே பயப்படுற."

ஐவி சுரங்கத் தொழிலாளியின் மகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மதியத்துக்கு நோலீனின் சிப்பிக்கறி பஃப்ஸ், மாலையில் வானொலி, அவ்வளவுதான். கேமராவுக்கு அவள் எண்ணெய் இடுவதைத் தள்ளி நின்று பார்த்தால் வெறும் ஊசியால் தொடுவது போலிருக்கும். ஊசி முனையில் ஒரு மினுமினுப்பு, அதுவும் பல்சக்கர அச்சில் மட்டும். ஷட்டர் தகட்டில் பட்டால் ஒட்டிக்கொண்டு திறக்காது.

ஒரு கோடை மதியம் நோலீன் தன் கணவர் லெஸ்ஸின் கேமராவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். லெஸ் ஒரு குளிர்காலத்தில் மலை ஏரிக்குத் தனியாகப் போனவர். கரையில் முக்காலி மேல் இந்தக் கேமரா நின்றிருந்தது, ஆள் கிடைக்கவேயில்லை. அதன் பிறகு அதை யாரும் திறக்கவில்லை.

"டைமர் பாதியில நிக்குது பாரு. தன்னையே எடுத்துக்கப் பார்த்திருக்கார். கடைசியா அவர் முகம் விழுந்துச்சான்னு மட்டும் சொல்லுடி."

ஐவி பிலிம் சுற்றும் குமிழைத் திருகினாள். அது தடையில்லாமல் சுழன்றது. அந்தத் தொழிலில் அப்படிச் சுழன்றால் உள்ளே பிலிம் இல்லை என்று அர்த்தம்.

"ஒண்ணுமில்லடி."

நோலீன் கேமராவை அவள் பக்கமே தள்ளினாள். "சரி, ஓடவாவது வை. அவர் கேட்ட சத்தத்தைக் கேக்கிறேன்."

ஐவி முன்வளையத்தைக் கழற்றிப் பிசினாகிப்போன பழைய எண்ணெயைக் கழுவினாள். டைமரின் பல்சக்கரங்களுக்குப் புது எண்ணெய் தொட்டுவைத்தாள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டியும் அது அசையவில்லை. லென்ஸ் தன்னைப் பார்த்திருக்கும்படி வைத்துவிட்டு, குனிந்து ஊசியைத் துடைத்தாள்.

அப்போது அது ரீங்கரிக்கத் தொடங்கியது. ஏரிக்கரையில் லெஸ் அழுத்திவிட்ட டைமர், நின்ற இடத்திலிருந்து மிச்சத்தை ஓடி முடித்தது. ஐவி நிமிர்ந்தாள். கை லென்ஸுக்குப் போவதற்குள், சொடக்.

அடுத்த படத்துக்கு நகர்த்தும் நெம்புகோலைத் தள்ளியபோது விரலில் ஒரு இழுப்பு தெரிந்தது. உள்ளே பிலிம் இருந்திருக்கிறது. அன்றைய ஏரிக்கரைக் குளிரில் விறைத்த பிலிம் அதன் சுருளிலிருந்து அறுந்திருந்தது. குமிழ் சும்மா சுழன்றது அதனால்தான்.

ஐவி கேமராவோடு இருட்டறைக்குள் போனாள். பிலிமில் இரண்டே படங்கள் தேறின. முதலாவதில் ஏரி ஓரப் பாறை, அதன் மேல், தான் நிற்கப்போகும் இடத்துக்கு அடையாளமாக லெஸ் வைத்த தொப்பி. அடுத்ததில் ஐவி. எதிரே யாரோ நிற்பது போல, வாய் லேசாகத் திறந்திருந்தது.

நோலீன் இரண்டையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"சத்தம் வரும் வரும்னு அந்தப் பாறையிலேயே நின்னிருப்பார். அவருக்கு விழ வேண்டிய படத்துல நீ இருக்கே."

"தெரியும்டி."

"அவருக்கு ஒரு படம் தரணும் நீ."

"தரேன். அதே இடத்துல முக்காலி வச்சு, டைமரை ஓடவிட்டு, பாறையை எடுத்துட்டு வரேன்."

"வெறும் பாறையா விழுந்தா?"

"வெறும் பாறையா விழணும்னு வேண்டிக்க."

ஒவ்வொரு கோடையிலும் ஏரிக்குக் கிளம்புகிறேன் என்பாள் ஐவி. நோலீன் வழிக்குப் பஃப்ஸ் கட்டித் தருவாள். மழை, முழங்கால் வலி, இடையில் ஒரு அவசர வேலை. பஃப்ஸ் கடையிலேயே தீர்ந்துவிடும்.

ஐவி இறந்த பிறகு அவள் கடையைக் காலி செய்தபோது அந்தக் கேமரா நோலீனிடம் வந்தது. லென்ஸ் மேல் ஐவியின் இடது கையுறை இறுகக் கட்டியிருந்தது. நோலீன் குமிழைத் திருகிப் பார்த்தாள். திருகவிடாமல் உள்ளே பிலிம் பிடித்தது. ஏரிக்கரையில் ஓடவிடுவதற்காக டைமர் முழுக்க முறுக்கிவைத்திருந்தது. படங்களை எண்ணும் முள் பூஜ்ஜியத்தில் நின்றது; ஒரு படம்கூட எடுக்கப்படவில்லை.