சேர்மன் சிலையின் மோதிர விரல்

நேற்று பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பெயிண்ட் நாற்றம் மூக்கில் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால், முன்னாள் சேர்மன் சிலைக்குத் தங்க வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறார்கள். பிறந்த நாள் வருகிறதாம். பெயர் வேண்டாம், வாய் கசக்கும். உயிரோடு இருந்தபோது அவருக்கு மாலை போட வரிசையில் நின்றவன்தான் நானும்.

பெயிண்ட் நாற்றம் என்றாலே எனக்கு ஓசூர் கம்பெனிதான். பெயிண்டிங் செக்‌ஷனை ஒட்டி எங்கள் பிரஸ் ஷாப். ஊத்தங்கரைக்காரன் நான், பர்கூர்க்காரன் அந்தோணி. ஒரே ரூம், ஒரே ஷிப்ட். எங்களை வேலைக்குச் சேர்த்துவிட்ட கான்ட்ராக்டர் இந்தச் சிலைக்காரர்தான், அப்போது இன்னும் சேர்மன் ஆகவில்லை. ஒருநாள் தகடு அடிக்கும் மெஷினில் அந்தோணியின் இடது மோதிர விரல் பாதி போய்விட்டது. மனுஷன் ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்தார். அக்கறை என்று நினைத்தேன், மடையன்.

"ரூம்ல தேங்கா வெட்டறப்ப பட்டுச்சுன்னு எழுதிக் குடுத்துருங்கப்பா. வேல போகாம நான் பாத்துக்கறேன்."

எழுதியது நான். கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் என்ற பெருமை வேறு. அந்தோணி கீழே கையெழுத்துப் போட்டான். கட்டுப் பிரித்த வாரமே அவனுக்கு வேலை இல்லை என்றார்கள். கேட்கப் போனோம். "கம்பெனிலதான் அடிபட்டுச்சுன்னு என்ன சாட்சி?" என்றார் அதே மனுஷன்.

அந்தோணி சிலை செய்யும் ஒருவரிடம் சிமென்ட் குழைக்கப் போனான். வருஷங்கள் கழித்து, செத்துப்போன சேர்மனுக்குச் சிலை வைக்க அங்கேதான் வந்து நின்றார்கள். கொடுத்ததோ மார்பளவு போட்டோ. உயரம் ஒத்துவந்ததால் அந்தோணிக்கு வேட்டி கட்டி நிறுத்தி உடம்பைச் செய்தார் சிற்பி. கைகளுக்கு அவன் கை மேலேயே அச்சு எடுத்தார். முகம் அமையவேண்டுமே என்ற கவலையில் வேட்டி நுனியைப் பிடித்திருந்த இடது கையை அவர் சரியாகப் பார்க்கவில்லை.

திறப்பு விழாக் கூட்டத்தில் அந்தோணி என் தோளை இடித்தான். "கையப் பாருடா."

பாதி விரல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சிற்பிகிட்ட சொல்லலயாடா?"

"எதுக்கு? சாட்சி கேட்டாரில்ல, அவரே நிக்கட்டும்."

அந்தோணி போன வருஷம் செத்துப்போனான். கல்லறைக்கு நான் அதிகம் போவதில்லை. இந்த வழியாகப் போகும்போது அந்த விரலைப் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

நேற்று அந்தக் கையில் ஐந்து விரலும் முழுசாகப் பளபளத்தன.

"ஒரு வெரல் ஒடஞ்சு கெடந்துச்சு சார், சிமென்ட் வெச்சு சரி பண்ணிட்டோம்" என்றார் ஏணி மேலிருந்த பெயிண்டர்.

"அது ஒடஞ்சதில்லப்பா."

"பின்ன?"

தேங்காய் வெட்டும்போது பட்டது என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தவன் நான். வீட்டுக்கு நடந்தேன்.