பிரிக்காத ஏழு உறைகள்

என் மனைவியை ஊரே கணக்கம்மா என்றுதான் கூப்பிடுகிறது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நானும் அதற்கு மாறிவிட்டேன். இரும்புக் கடையில் பதினோரு வருஷம் கணக்கு எழுதியவளை, "இனிமே கம்ப்யூட்டரே போதும்" என்று முதலாளியின் மகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அழுவாள் என்று நான் கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். அவளோ மறுநாளே கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினாள். இன்று எங்கள் முன்னறை அலமாரியில் நாற்பது கடைகளின் கணக்கு இருக்கிறது. அந்த இரும்புக் கடையும் அதில் ஒன்று. என் நாற்காலிதான் இடமில்லாமல் சமையலறைக்குக் குடிபோய்விட்டது.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் "முடியும்", "முடியாது", இரண்டில் ஒன்றுதான். "பார்க்கலாம்" என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை, தையற்காரர் வந்த அந்தத் திங்கட்கிழமை வரை.

அவர் ஐந்து மெஷின் போட்டுத் தொழில் நடத்துகிறவர். பேயறைந்தவர் போல வந்து நின்றார். மூன்று வருஷ வரி பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் வழி செய்யாவிட்டால் ஐந்து மெஷினையும் எடுத்துப் போவோம் என்று கடைக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வரி அலுவலகத்திலிருந்து அதற்கு முன் வந்த ஏழு உறைகளையும் மேஜையில் வைத்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"ஏண்ணே, ஒண்ணைக்கூடவா பிரிக்கல?"

"எங்கிட்ட இருக்கிறது துணி வெட்டுற கத்திரிம்மா. அதால காகிதத்தை வெட்டினா முனை மழுங்கிடும்."

"கையால கிழிக்கிறதுதானே?"

அவர் தரையைப் பார்த்தார். "பயமா இருந்துச்சும்மா."

கணக்கம்மா உறைகளைத் திருப்பினாள். பின்பக்கம் முழுக்கப் பென்சில் கிறுக்கல். கைக்குக் கிடைத்த காகிதமென்று வாடிக்கையாளர்களின் அளவையெல்லாம் அதில்தான் எழுதி வைத்திருக்கிறார் மனுஷன்! எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக வெகுநேரம் படித்துவிட்டு, "பார்க்கலாம்ணே" என்றாள். நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு தண்ணீர் நினைவில்லை. விட்டுப்போன மூன்று வருஷக் கணக்கையும் தாக்கல் செய்தாள். யார் யாருக்கோ போன் போட்டாள். வியாழக்கிழமை காலை நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக, மூன்று பேருமாக வரி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம்.

அதிகாரி ஒரு பெண்மணி. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி.

"ஆறு தவணை தரலாம். அதுக்கு மேல முடியாது."

"ஆறு தவணைன்னா மூணாவது மாசமே மெஷினை வித்துடுவார் மேடம். இருபத்துநாலு குடுங்க, முழுசையும் கட்டிடுவார்."

"எதை நம்பிக் குடுக்கிறது? இவருக்குத் தொடர்ந்து வருமானம் வரும்னு என்ன ஆதாரம்? ஏழு கடிதம் போட்டோம், ஒரு பதில் இல்ல. முதல்ல, கடிதம் கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது மேடம்" என்று கணக்கம்மா ஏழு உறைகளையும் மேஜைமேல் வரிசையாக அடுக்கினாள்.

அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. "பிரிக்கவே இல்லையா! இதை எங்கிட்டயே கொண்டுவந்து காட்டறீங்க?" தையற்காரர் எழுந்து கதவைப் பார்த்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"திருப்பிப் பாருங்க மேடம்" என்றாள் என் மனைவி.

திருப்பினார். ஆஸ்பத்திரிச் சீருடை, அறுபது. அளவு, கொடுக்க வேண்டிய தேதி, கீழே ஆஸ்பத்திரி ஸ்டோர் அதிகாரியின் கையெழுத்து. அடுத்த உறையில் பள்ளிக்கூடம். அதற்கடுத்து மறுபடி ஆஸ்பத்திரி.

"முன்பக்கம் உங்க ஆபீஸ் முத்திரை, தேதியோட. பின்பக்கம் ஆர்டர், குடுத்தவங்க கையெழுத்தோட. ரெண்டு வருஷமா நீங்க கடிதம் போட்டப்பல்லாம் இவர் கையில வேலை இருந்திருக்கு. இனிமேலும் ரெண்டு வருஷத்துக்கு இவர்கிட்டதான் தைப்போம்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்திருக்காங்க. இந்தாங்க."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏழையும் படித்தார். ஓரிடத்தில் நின்று, உரக்கவே வாசித்தார்: "வாட்ச்மேன். தொப்பை. ரெண்டு அங்குலம் விட்டு வெட்டவும்." உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை, சிரித்துவிட்டார்.

"இருபத்துநாலு தவணை" என்று எழுதி முத்திரை குத்தினார். "ஒரு மாசம் தவறினாலும் ரத்தாயிடும். இன்னொண்ணு, இனிமே வர்ற கடிதத்தை இவர் பிரிக்கணும்." தையற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார்.

படிக்கட்டில் பாதி இறங்கியதும் கணக்கம்மா என் கையை இறுகப் பிடித்தாள். "ஜெயிச்சுட்டோம்ங்க!" டோக்கனோடு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் கத்தி நான் கேட்டதில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. பை கனமே தெரியவில்லை.

போன வாரம் தையற்காரர் கழுத்தில் டேப்போடு மூச்சிரைக்க வந்தார். கையில் ஓர் உறை.

"முதல் தவணை வந்து சேர்ந்துடுச்சுன்னு போட்டிருக்காங்கம்மா. நானே பிரிச்சேன். நானே படிச்சேன்."

உறையின் விளிம்பு பிசிறில்லாமல் நேர்கோடாக வெட்டப்பட்டிருந்தது. கணக்கம்மா அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எதால வெட்டுனீங்கண்ணே?"

அவர் பையிலிருந்து துணி வெட்டுகிற பெரிய கத்திரியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"முனை போனா போகுதும்மா. சாணை பிடிச்சுக்கலாம்."