அண்ணன் விழுங்காத மாத்திரை

புது மாத்திரையைப் பற்றி டாக்டர் விளக்கியபோது அண்ணனின் கட்டிலருகே அம்மா இருந்தார். அப்பா புக்கிட் மெர்தாஜாமில் வேலையில் இருந்தார். வீட்டில் ஆங்கிலம் படித்தவன் நான் ஒருவன்தான், அப்போது நான் அங்கே இல்லை. குமாஸ்தா வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன்.

அண்ணன் லாரி ஓட்டியவர். மூளையைச் சுற்றிப் பூஞ்சைக் கிருமி பிடித்து மூன்றாம் வகுப்பு வார்டில் கிடந்தார். நரம்பில் ஏற்றிய மருந்து அவரை நடுநடுங்க வைத்ததே தவிர, தலைவலி குறையவில்லை. கிருமி அந்த மருந்துக்கு அடங்கவில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

மாலையில் நான் போனபோது, டாக்டர் சொன்னதில் அம்மாவிடம் ஒரே சொல்தான் மிஞ்சியிருந்தது: டிபி. அக்காவைப் பெண் கேட்டிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று அழுதார். நான் மருந்தின் பெயரை எழுதிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். புத்தகத்திலும் டிபி என்றுதான் இருந்தது.

“டாக்டரு பூஞ்சைக்குத்தான்னாருடா. எதுக்கும் கேட்டுட்டு வாலா,” என்றார் அண்ணன்.

“புக்குலயே போட்டிருக்குண்ணே. ஆள் மாத்திக் குடுத்துட்டாங்க.”

“அஞ்சாம் படிவம் பாஸ் பண்ணவன் சொல்ற. லாரிக்காரன் நான் என்ன பேச?” என்று சிரித்தார்.

கேட்டால் டிபி என்ற பேச்சு வார்டு முழுக்கப் பரவிவிடும் என்று நான் கேட்கவில்லை. தாதி நகர்ந்ததும் அண்ணன் மாத்திரையைக் கைக்குட்டையில் துப்பினார். முதல் வேளை மருந்தில் சிவந்திருந்த சிறுநீர் பழையபடி வெளுத்தது. ரத்தம் நின்றதென்று அம்மா முருகனைக் கும்பிட்டார்.

ஏழாம் நாள் டாக்டர் அதைத்தான் கேட்டார்: சிறுநீர் ஏன் சிவக்கவில்லை? எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. டிபிக்கு வந்த மருந்துதான் என்றார். தனியாக இந்தக் கிருமியை அது ஒன்றும் செய்யாதாம். ஏற்றுகிற மருந்தோடு சேர்ந்தால் அதற்கு வலுவூட்டும் என்று நம்பிக் கொடுத்தாராம்.

உடனே மறுபடி தொடங்கினார்கள். அதற்குள் அண்ணனால் விழுங்க முடியவில்லை. மூக்கு வழியே குழாய் வைத்தார்கள். அதிலிருந்து ஐந்தாம் நாள் போய்விட்டார்.

ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது, தம்பி என்றார்.

உடலை எடுக்குமுன் ஆஸ்பத்திரி முகப்பில் பணத்தைக் கட்டினேன். கட்டில், சாப்பாடு, ஏற்றிய மருந்து, துப்பிய மாத்திரை, எல்லாம் சேர்த்து எண்பத்து நான்கு வெள்ளி.