நீலக்கைப் பனியன் ஒரு டஜன்

பனியன் கம்பெனி வைக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது எங்களிடம் இருந்தவை காலால் மிதிக்கும் ஒரு தையல் மெஷினும், பேளுக்குறிச்சியில் ஒற்றை அறை வாடகை வீடும், அவருடைய இருமலும்தான். திருப்பூரில் ஏழு வருஷம் பனியன் துணி வெட்டியவர் அவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. ஊருக்குப் போய் வேறு வேலை பார்த்துக்கொள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். காடு கரை எதுவும் அவர் பங்குக்கு வரவில்லை. அவருக்கு வெட்டத் தெரியும், எனக்குத் தைக்கத் தெரியும். வேறு என்ன செய்வது?

கொல்லிமலைக்கு ரோடு போட ஆரம்பித்திருந்த காலம் அது. அடிவாரத்தில் நூற்றுக்கணக்கான ஆட்கள் வெற்று முதுகோடு கல் சுமந்துகொண்டிருந்தார்கள்.

"அத்தனை பேரும் வெயில்ல தோளு உரிஞ்சு கெடக்கறாங்க புள்ள. அரைக்கை வெச்ச பனியன் இருந்தா வாங்க மாட்டாங்களா?" என்றார்.

என் காதுத் தோடு முதல் மூட்டைத் துணியாக மாறியது. திருப்பூரில் பனியன் துணியைக் கஜக்கணக்கில் தரமாட்டார்கள், எடை போட்டுத்தான் தருவார்கள். எங்களைப் போல ஒரு மூட்டை வாங்க வருகிறவர்களுக்கு மற்றவர்கள் எடுத்தது போக மிஞ்சிய சுருள்தான் கிடைக்கும். அதை பஸ் மேல் போட்டு, ஈரோட்டில் இறக்கி, வேறு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார். ஆள் டிக்கெட்டை விட மூட்டைக்கு லக்கேஜ் அதிகம்.

தைப்பதும் நான் நினைத்த மாதிரி இல்லை. சாதா ஊசி பனியன் துணியின் கண்ணியை அறுத்துவிடும், ஒரு சலவையிலேயே ஓட்டை விழும். ஊசி முனையை அம்மி ஓரத்தில் லேசாக உரசி மழுக்கிக்கொண்டேன். துணியை இழுத்துப் பிடித்தபடியே தைக்க வேண்டும். இல்லாவிட்டால் தலை வழியாகப் போடும்போது நூல் படபடவென்று தெறிக்கும். முதல் இரண்டு டஜனில் பாதி அப்படித்தான் திரும்பி வந்தது.

பிறகு மார்க். மார்க் இல்லாத சரக்கைக் கடைக்காரர்கள் கையால்கூடத் தொடவில்லை. கழுத்தில் வைத்துத் தைக்கிற நாடா ஆயிரம் எடுத்தால்தான் அடித்துக் கொடுப்போம் என்றார்கள். அதனால் சேலத்தில் ஒருவரிடம் மர அச்சு செதுக்கி வாங்கினோம். அன்னாசி மார்க். பார்த்தவர்கள் எல்லாம் அன்னாசியா சோளக்கதிரா என்று கேட்டார்கள். வாங்கிய மை இரண்டே சலவையில் போய்விட்டது. எங்கள் ஊர் சலவைக்காரர்தான் வழி சொன்னார். துணிக்குக் குறி போட அவர்கள் வைத்திருக்கும் சேராங்கொட்டைப் பாலைத் தொட்டு அச்சுக் குத்தி, மேலே சுண்ணாம்பு தடவ வேண்டும். என் விரல்கள் கொப்பளித்துப் போயின. ஆனால் துணி நைந்தாலும் குறி போகாது.

ஒன்று மட்டும் செய்யாமல் விட்டோம். வெட்டுவதற்கு முன் துணியை ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போட்டுக் காயவைக்க வேண்டும். சுருங்குகிற அளவு அப்போதே சுருங்கிவிடும். அப்படிச் செய்தால் ஒரு மூட்டையில் ஐந்தாறு பனியன் குறையும். அவர் ஊறப் போடலாம் என்றார். வேண்டாம் என்றது நான்தான்.

ஒரு தடவை வெள்ளைத் துணி பற்றாமல் போய், ஒரு டஜனுக்கு மட்டும் நீலத் துணியில் கை வைத்துத் தைத்தேன். ரோட்டு வேலை நடக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் மத்தியான இடைவேளையில் கடை விரித்தேன். நீலக்கை என்றதும் சுற்றி நின்று பறித்துக்கொண்டார்கள். காசை வாங்கி முந்தானையில் முடிவதிலேயே என் கண் இருந்தது. அரை மணியில் பன்னிரண்டும் போயிற்று. ஒரு முகம்கூட மனதில் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் போல மழை. மழை விட்ட காலையில் ரோட்டு மேஸ்திரி எங்கள் வாசலில் வந்து நின்றார். கூடவே மணியக்காரரின் ஆள் ஒருவர்.

"ஏனுங்கம்மா, அன்னாசி மார்க் பனியன் உங்களுதுதானுங்களே?"

எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. மார்க்கைச் சொல்லிக்கொண்டு ஒருவர் எங்களைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. "ஆமாங்க, உள்ள வாங்க. எத்தனை டஜன் வேணுங்க?" என்று கேட்டேன்.

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். "டஜன் இல்லீங்கம்மா" என்றார்.

மேலே இருந்து மண்ணும் பாறையும் சரிந்து ஒரு ஆள் அகப்பட்டுவிட்டான். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. லிஸ்டில் பேர் இருக்கிற கூலியாட்கள் எல்லோரும் இருக்கிறார்கள். "மலை மேலேருந்து ரெண்டு நாளு, மூணு நாளுன்னு வருவாங்க, பேரு எழுதறதுக்குள்ள போயிருவாங்க. யாருன்னு ஒருத்தருக்கும் தெரியலீங்க. பனியன்லதான் உங்க மார்க்கு இருக்குது."

நானும் என் வீட்டுக்காரரும் போனோம். புளிய மரத்தடியில் குப்புறப் படுக்க வைத்து, தலைக்குச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். நீலக்கை. கழுத்துக்குக் கீழே என் அன்னாசி, அச்சுக் குத்தின அன்றைக்கு இருந்த மாதிரியே கறுப்பாக. பனியன் மழையில் சுருங்கி, இடுப்புக்கு ஒரு சாண் மேலே ஏறிக் கிடந்தது. இடது தோள் தையலைப் பார்த்தேன். விடவில்லை. தையல் தாங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு அப்புறம்தான் அங்கே ஒரு மனிதன் கிடப்பது எனக்கு உறைத்தது. இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

"யாருக்கு வித்தீங்கம்மா?" என்று அங்கே நின்றிருந்த மணியக்காரர் கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

வெயில் ஏறிவிட்டதால் அன்றைக்கே ஓடை ஓரமாக அடக்கம் செய்தார்கள். விசாரித்துப் பார்க்கட்டும் என்று பனியனின் ஒரு நீலக்கையை மட்டும் வெட்டி என்னிடம் கொடுத்தார் மணியக்காரர். அதை நான்கு தண்ணீரில் அலசினேன். மண் நிறம் முழுதாகப் போகவில்லை.

விற்றது பன்னிரண்டு. பதினொரு பேரைக் கண்டுபிடித்துவிட்டால் பன்னிரண்டாவது ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்றார் என் வீட்டுக்காரர். மெஷினை மூடி வைத்துவிட்டு இரண்டு பேரும் அலைந்தோம். ரோட்டு வேலையில் எட்டுப் பேர் கிடைத்தார்கள். நான் வருவதைப் பார்த்ததுமே, "நான் உசுரோடதான் இருக்கறனுங்க" என்று ஒருவர் கையைத் தூக்கிக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. பேளுக்குறிச்சிச் சந்தையில் இரண்டு பேர். பதினோராவது ஆள் பனியனைச் சுருட்டிக் கல் கூடைக்குச் சும்மாடாக வைத்திருந்தார். அவர்தான் யோசித்து யோசித்துச் சொன்னார்.

"ஒண்ணு மலைக்காரப் பொம்பள வாங்குச்சுங்களே. காசு இல்லைன்னு பலாப்பழம் குடுத்துச்சு. நீங்ககூட நாடாவ வெச்சு அளந்தீங்களே."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இருபது வயதுக்குள்தான் இருக்கும். எந்த அளவு வேண்டும் என்று கேட்டதற்கு அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு ஆளைக் கட்டிக்கொள்கிற மாதிரி இரண்டு கையையும் வளைத்துக் காட்டி, "இத்தனை இருப்பாருங்க" என்றாள். நானும் அவளும் சிரித்தோம். அந்தக் கை வளையத்துக்குள் நாடாவை ஓட்டிப் பார்த்தேன். முப்பத்துநாலு. ஊர் எது என்று கேட்டதற்கு மலை மேல் குண்டனி நாடு என்றாள். அத்தனையும் நான்தான் பார்த்தேன், கேட்டேன். பழத்தை வாங்கி வைத்த கையோடு மறந்தும் போனேன்.

மறுநாள் ஒற்றையடிப் பாதையில் மலை ஏறினோம். அவர் நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று இருமினார். குண்டனி நாட்டில் இரண்டு ஊர் விசாரித்து, மூன்றாவது ஊரில் அவளைக் கண்டோம். களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனுங்கக்கா, பனியன் விக்க இத்தாந்தூரம் வந்துட்டீங்களா?"

என் வீட்டுக்காரர் பையிலிருந்து அந்த நீலக்கையை எடுத்து நீட்டினார்.

"அவரு பனியனாட்டம் இருக்குதுங்களே. யாருங்க வெட்டுனது?" என்றாள்.

அவர் சொன்னார். இருமல் நடுநடுவே வந்ததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவள் முறத்தைக் கீழே வைத்தாள். துணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் கையை அதற்குள் நுழைத்து முழங்கை வரை ஏற்றிக்கொண்டாள். அழவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் ஓடிவந்து சத்தம் போட்டு அழ ஆரம்பித்த பிறகும் அவள் அழவில்லை.

என்னைப் பார்த்துக் கேட்டாள். "புதுசு, வேலைக்குப் போறப்பப் போட்டுக்கறேன்னு மடிச்சு எடுத்துட்டுப் போனாருங்க. போட்டு நான் பாக்கவே இல்லீங்க. அளவு சரியா இருந்துச்சுங்களாக்கா?"

"சரியா இருந்துச்சு கண்ணு. அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருந்துச்சு" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

அந்த வாரம் வந்த மூட்டையை அவர் என்னிடம் கேட்காமலே தண்ணீர்த் தொட்டியில் போட்டார். காயப்போட நான் கொடி கட்டினேன். ஆறு பனியன் குறைந்தது. அதற்கு ஏற்றபடி விலையைக் கூட்டினோம். கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ரோட்டு வேலைக்காரர்கள் அன்னாசியைப் பார்த்தாலே ஒதுங்கிப் போனார்கள். அது செத்தவன் பனியன் என்ற பேச்சு எப்படியோ சந்தை வரைக்கும் வந்துவிட்டது.

என்னிடமும் ஒரு கோளாறு வந்துவிட்டது. வாங்க வருகிறவர்களிடம் பேர் என்ன, எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று கேட்காமல் என்னால் பனியனைக் கையில் கொடுக்க முடியவில்லை. "ஒரு பனியனுக்கு எதுக்குங்க இத்தனை கேள்வி?" என்று போட்டுவிட்டுப் போனார்கள். போகிறவர்களின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். சந்தை நாளெல்லாம் கூட்டத்தில் ஒரு முதுகு போகும். நீலக்கை, இடுப்பு தெரிய ஏறின பனியன். எட்டி நடந்து முன்னால் போய்ப் பார்த்தால் யாரோ ஒருவர் வெள்ளைச் சட்டையில் வெங்காயம் வாங்கிக்கொண்டிருப்பார்.

ஒரு மாதம் கழித்து அவள் தன் தம்பியோடு இறங்கி வந்தாள். அடக்கம் செய்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். ஓடையையே காணோம். பாறை வெட்டிய மண்ணையெல்லாம் கொட்டி, மேடாக்கி, அதன் மேல் ரோட்டின் முதல் வளைவுகளுக்கு ஜல்லி பரப்பியிருந்தார்கள். மேஸ்திரி முதலில் ஒரு இடத்தைக் காட்டினார். பிறகு இல்லை, அது என்று வேறு இடத்தைக் காட்டினார். மூன்றாவதாக ஒன்றைக் காட்டிவிட்டு, "சரியாத் தெரியலீங்கம்மா" என்று கும்பிட்டார்.

அவள் மூன்று இடத்திலும் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். "தலை எந்தப் பக்கம் வெச்சாங்க?" என்று கேட்டாள். அன்றைக்கு அங்கே இருந்தவள் நான். எனக்கு அதுவும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் கம்பெனியை மூடினோம். மீதி இருந்த பனியன்களை ஒரு லாரி பட்டறைக்கு எண்ணெய் துடைக்கக் கொடுத்தோம். அவர் சேலத்தில் ஒரு தையல் கடையில் வெட்ட உட்கார்ந்தார். நான் ரவிக்கை தைத்தேன். இருமல் அவரை இன்னும் பதினோரு வருஷம் விட்டு வைத்தது.

ரோடு முடிந்து மலைக்கு பஸ் போனது. எப்போதாவது நானும் போக வேண்டியிருக்கும். கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கி, மற்றவர்களைப் போல ஜன்னல் ஓரம் உட்காருவேன். ஆனால் அடிவாரம் தாண்டி அந்த முதல் வளைவுகளில் பஸ் திரும்பும்போது என் கால் இரண்டும் தரையில் நிற்காது. தூக்கி முன் சீட்டுக் கம்பியில் வைத்துக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் வயிற்றைப் பிரட்டுகிறதா என்று கேட்பார்கள். ஆமாங்க என்று சொல்லிவிடுவேன்.