மைக்கில் சொன்ன சாட்சி

என் அக்கா மைக்கைப் பிடித்து, "கர்த்தர் என் சக்கரை வியாதிய எடுத்துட்டாரு" என்று சொன்னபோது நானும் அந்த ஹாலில்தான் உட்கார்ந்திருந்தேன். நான் அங்கே போகிறவள் இல்லை. விவேக் நகர் கத்தோலிக்கக் கோவிலில் வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிற ஆள். அக்காதான், கணவர் இறந்து என்னோடு வந்து தங்கிய பிறகு, நீலசந்திராவில் டயர் கடைக்கு மேலே நடக்கும் சபையில் சேர்ந்தாள். என் மெழுகுவத்தியை அவள் கேலி செய்வாள். அவள் சபைக்கு நான் 'மைக்செட் சபை' என்று பேர் வைத்திருந்தேன். அன்று தன் சாட்சியைக் கேட்க வரச்சொல்லிக் கெஞ்சியதால் போனேன்.

அந்தச் சபையின் ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. கடவுள் தனக்குச் செய்ததை எழுந்து நின்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் ஹால் முழுக்க அல்லேலூயா, கைதட்டல். அக்காவுக்கு அந்த வாரம் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை சரியாக வந்திருந்தது. வராமல் என்ன? காலையும் மாலையும் இன்சுலின் போட்டுவிடுகிறவள் நான். ஆனால் மைக்கில் ஊசியைப் பற்றி மூச்சுவிடவில்லை. கைதட்டலில் அவள் முகம் பூரித்துப்போனதைப் பார்த்தேன். கணவர் போன பிறகு அவளை யாரும் அப்படிக் கொண்டாடியதில்லை, பாவம்.

மறுநாள் காலை ஃப்ரிட்ஜிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டு போனால், முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

"வேணாம்டி. அத்தன பேரு எதுர்ல சொல்லிட்டு இன்னிக்கி ஊசி போட்டா என் சாட்சி கெட்டுப்போயிடும்."

"சாட்சி கெட்டா கெடட்டும். கிட்னி கெட்டா இன்னா பண்ணுவ?"

"உனுக்கு விசுவாசம் பத்தல. சும்னே இரு."

கோபம் வந்தால் அவளுக்கு இப்படிக் கன்னடம் வந்துவிடும். எனக்குக் கோபம் வந்தால் எங்கள் அப்பா ஞாபகம் வரும். அவர் தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்தவர். கீழே இறங்கும் முன் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார், தலையில் பாதுகாப்புத் தொப்பியும் போட்டுக்கொள்வார். ஜெபம் பண்ணியாச்சே, தொப்பி எதற்கு என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இதை நான் கத்தித்தான் சொன்னேன். புத்தியைக் கொடுத்தவரும் அதே ஆண்டவர்தானே, அதைப் பரணில் போட்டுவிட்டு அவர் முன்னால் எப்படிப் போய் நிற்பாய் என்றும் கேட்டேன். அவள் பைபிளைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பவே இல்லை.

கொஞ்ச காலம் கழித்து அத்திபெலேயில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனோம். புதுச் செருப்பு கடித்து அவள் காலில் ஒரு கொப்புளம். அவளுக்கு வலியே தெரியவில்லை. சபையில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தாள். நாற்றம் தாங்காமல் நான் வலுக்கட்டாயமாக ஆட்டோவில் ஏற்றியபோது விரல்கள் கறுத்திருந்தன. ஊசியை எப்போது நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்டார். சாட்சி சொன்ன மறுநாள் என்று நான்தான் சொன்னேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என் வாய்வரைக்கும் வந்தது. கட்டுப் போட்ட இடத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

வார்டுக்குச் சபையிலிருந்து ஒரு பெண் பார்க்க வந்தாள். கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறவள், அக்காவைவிட வயதில் சின்னவள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"உங்க சாட்சிய கேட்டுதான் அக்கா நானும் பிபி மாத்திரைய நிறுத்திட்டேன். ஒண்ணுமே ஆவல. கர்த்தர் நல்லவரு."

அக்கா பதறி எழுந்து உட்காரப் பார்த்தாள். "ஐயோ, வேணாம்மா. போட்டுக்கோ. இன்னிக்கே போட்டுக்கோ. என் கால பாரு."

அந்தப் பெண் சிரித்தாள். "சோதனைல சோர்ந்துபோயிட்டீங்க அக்கா. நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன்."

படிவரைக்கும் பின்னாலேயே போய் நான் அவளைத் திட்டினேன். மெழுகுவத்தி ஏற்றுகிறவள் பேச்சை அவள் ஏன் கேட்கப்போகிறாள்? திரும்பி வந்தபோது அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "மைக்குல சொன்னத மைக்குலதான் திருப்பி எடுக்கணும்" என்றாள். "இங்க படுத்துகினு சொன்னா யாரும் கேக்கமாட்டாங்க." அப்படியும் ஃபோன் செய்து பார்த்தாள். அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் எடுத்து, அக்காவுக்காக ஜெபம் செய்துவிட்டு வைத்துவிட்டாள்.

போதகர் பார்க்க வந்தபோது, மைக்கில் பேச ஒரு வாய்ப்புத் தரும்படி அக்கா அவரிடம் கேட்டாள். "மொதல்ல சுகமாவுங்க சிஸ்டர். கர்த்தருக்கு மகிமை வர்ற காரியமா அப்புறம் சொல்லலாம்" என்று நழுவினார். நல்ல மனுஷன்தான், பயந்தவர். வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிறே அக்கா கிளம்பிவிட்டாள். காயம் ஆறட்டும் என்று நான் போட்ட சண்டை எடுபடவில்லை. டயர் கடைக்காரர்கள் நாற்காலியோடு தூக்கி மேலே ஏற்றினார்கள். சாட்சி நேரத்தில் யாரும் அவள் பக்கம் வரவில்லை. நானே போய் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தேன்.

"கர்த்தர் என்ன ஊசிய நிறுத்தச் சொல்லல" என்றாள். "நான்தான் நிறுத்தினேன். நீங்க கைதட்டினீங்க. அதுக்கப்புறம் ஊசி போட்டா இன்னா நெனப்பீங்களோன்னு ஆயிடுச்சு. நான் அவருக்கு பயப்படல, உங்களுக்குதான் பயந்தேன். என் பேச்ச கேட்டு யாராச்சும் மருந்த நிறுத்தியிருந்தா, இன்னிக்கே போட்டுக்கோங்க. கையெடுத்துக் கும்புட்றேன்."

ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. யாரோ அவசரமாக ஒரு பாட்டை ஆரம்பித்தார்கள். அக்காவின் கண்கள் அந்தப் பெண்ணைத் தேடின. அவள் வழக்கமாக உட்காரும் ஜன்னலோரத்தில் அவளுடைய மகள் தனியாக இருந்தாள். பாட்டு முடியும் முன்பே எழுந்து எங்களிடம் வந்தாள்.

"அம்மா வெள்ளிக்கெழம வேலைல விழுந்துட்டாங்க ஆன்ட்டி. ஒரு பக்கம் கை கால் வரல. பேச்சும் இல்ல. ஜெபம் பண்ணுங்க."

அந்தப் பெண் பிழைக்கவில்லை. அடக்கத்துக்கு அக்கா போனாள். அங்கேயும் யாரும் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்று இருந்தது எனக்கு.

கடவுளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். திருடினாயா, பொய் சொன்னாயா, பூசைக்குப் போனாயா என்கிற மாதிரிக் கணக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் கணக்கு அப்படியொன்றும் மோசமில்லை என்றும் நினைத்திருந்தேன்.

இப்போது ஊசி நேரம் வந்தால் அக்காவே கூப்பிட்டு ஞாபகப்படுத்துகிறாள். சபைக்குப் போகிறாள், மைக்கைத் தொடுவதில்லை. ஒருநாள் ஊசி போடும்போது, அவள் மனம் கொஞ்சம் தேறட்டுமே என்று, "ஆண்டவருக்கு உன் மனசு தெரியும்க்கா. ஒரு காலையே குடுத்துட்ட, போதாதா?" என்றேன்.

"அவரு என் கால கேக்கமாட்டாருடி" என்றாள். "அவ எங்கன்னு கேப்பாரு."

ஊசியை எடுத்துவிட்டு, பஞ்சை அவள் வயிற்றில் அழுத்திப் பிடித்தபடி நின்றேன்.